அடைப்புக்குறிக்குள் மூன்றெழுத்து

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ‘அடையாறு’ என்றால் அது சென்னையில் இருக்கும் ஒரு பேட்டையின் பெயர் இல்லை. “அவரை அடையாறு கொண்டுபோயிருக்காங்களாம்” என்று யாராவது சொன்னால் கேட்பவரின் குரல் தணிந்துவிடும். என்ன ஏது என்று மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அத்தையை அடையாறு கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது. அப்பாவுக்கு மூத்த அக்கா. எழுபதைத் தாண்டியும் வாய் மட்டும் ஓயாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்ற ஆத்திரம் இன்னும் இருப்பதாலோ என்னவோ, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் கூட்டிப் படிப்பார். பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகைகள், கல்யாண வீட்டுக்குப் போனால் மொய்க்கவர் மேல் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை. கால்வாய்க்கரை ஓரத்து அந்தப் பழைய வளாகத்தில் எங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, கேன்சர் இன்ஸ்டிடியூட்னு போட்டு பக்கத்துல ப்ராக்கெட்ல டபிள்யூ ஐ ஏ-ன்னு போட்டிருக்கே. அது என்ன, டாக்டருங்க படிப்பா?”

“தெரியலை அத்தை.”

“இத்தனை வருஷம் மெட்ராஸ்ல இருந்து என்னத்தைத்தான் தெரிஞ்சுகிட்டே?”

சொன்னது நியாயம்தான். அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த மூன்றெழுத்தை ஊர்ப் பெயர் மாதிரி, பின்கோடு மாதிரி நினைத்துக் கடந்துவிட்டிருக்கிறேன். அன்று ராத்திரிதான் தேடிப் பார்த்தேன். உமன்ஸ் இந்தியன் அசோசியேஷன். தமிழில் இந்திய மாதர் சங்கம். மறுநாள் அத்தையிடம் சொன்னேன்.

“மாதர் சங்கமா? ஒங்கம்மா வச்சிருந்தாளே, அது மாதிரியா?” என்றார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அம்மா ‘வச்சிருந்த’ சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெல்டாவில் ஒரு சின்ன ஊர். புதன்கிழமை பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நாற்பது பெண்கள். இரண்டு தையல் மிஷின், ஒரு ஹார்மோனியம், பூட்டுப் போட்ட ஒரு பீரோ. ஊர் ஆண்களுக்கு அது ‘வம்புமடம்’. அப்பாவே அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1977 நவம்பர் புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறி எங்கள் தெருவில் தென்னைகளை வரிசையாகச் சாய்த்தபோது, மூன்றாம் நாள் காலையில் கஞ்சித்தொட்டி வைத்தது அந்த வம்புமடம்தான். பஞ்சாயத்து விழித்துக்கொள்வதற்குள் வீடு வீடாகப் போய்ப் பழம்புடவை சேர்த்து, கணக்கெழுதி, குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா அதில் பொருளாளர். சந்தா மாதம் ஐம்பது பைசா. ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், ஸ்டாம்ப் பேடு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். நாங்கள் அதைத் தொடக்கூடாது. அம்மா அடிக்கடி சொல்வாள்: “மொத வருஷ சந்தா யாரு வேணாலும் குடுப்பாங்க. ரெண்டாவது வருஷம் வாங்கறதுலதான் இருக்கு.” அத்தை முதல் வருஷமே கொடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி பொருளாளராக இருந்தால் யார்தான் கொடுப்பார்கள்?

அதனால் இந்திய மாதர் சங்கத்தின் கதையைப் படிக்கப் படிக்க, எனக்கு அம்மாவின் கண்ணால்தான் படிக்க வந்தது. 1917-ல் தொடங்கிய சங்கம் 1954-ல் ஆஸ்பத்திரி திறக்கிறது. நடுவில் முப்பத்தேழு வருஷம். முப்பத்தேழு முறை சந்தா வாங்கியிருக்கிறார்கள்.

தொடக்கம் 1917 மே 8, அடையாறு. தியசாபிகல் சொசைட்டி என்ற பிரம்மஞான சபையின் ஆலமர நிழலில் புழங்கிய ஐரோப்பியப் பெண்களும் சென்னையின் படித்த குடும்பத்துப் பெண்களும் சேர்ந்து தொடங்கினார்கள். தலைவர் அன்னி பெசன்ட். சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே ஹோம் ரூல் என்ற சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அவரை அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்துவிட்டது. தலைவர் காவலில் இருக்க, புதுச் சங்கத்தை இழுத்துக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர்கள் டாரதி ஜினராஜதாசாவும் மார்கரெட் கசின்ஸும்.

மார்கரெட் கசின்ஸ் ஐரிஷ்காரி. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அரசாங்கக் கட்டட ஜன்னல்களை உடைத்து இரண்டு முறை சிறைக்குப் போனவர். 1915-ல் கணவரோடு இந்தியா வந்து, மதனப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். 1919-ல் தாகூர் அங்கே வந்து ‘ஜன கண மன’ பாடியபோது அதன் மெட்டை ஸ்வரப்படுத்தியவர் இவர்தான். இசை படித்தவர். நம் தேசிய கீதத்தின் மெட்டில் கல்லெறிந்து ஜெயிலுக்குப் போன ஒரு பெண்ணின் கைவேலையும் இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1917 டிசம்பரில் நடந்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இந்திய விவகார மந்திரி மாண்டேகு, இங்கே என்ன சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்டறிய வந்திருந்தார். பெண்கல்வி பற்றிப் பேச நேரம் வேண்டுமென்று கசின்ஸ் எழுதினார். அரசியல் விஷயமாக இருந்தால் மட்டுமே தூதுக்குழுவைச் சந்திப்போம் என்று பதில் வந்தது. சரி, அரசியலாகவே இருக்கட்டும் என்று ஓட்டுரிமையை மனுவில் எழுதிச் சேர்த்துவிட்டார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவைப் பார்த்தது. இந்தியப் பெண்கள் ஓட்டுக் கேட்ட கதை இப்படி, ஒரு அலுவலகக் கடிதத்துக்கு எழுதிய சாமர்த்தியமான பதிலில் இருந்து தொடங்குகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “பின்னே? கலெக்டர் ஆபீசுல எந்தத் தலைப்புல மனு வாங்குறானோ அந்தத் தலைப்புலதான் எழுதணும்” என்றாள், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது போல.

லண்டன் அந்த மனுவை ஏற்கவில்லை. ஓட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாகாணங்களின் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவே வசதியாகப் போயிற்று. 1921-ல் மதராஸ் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. ஆனால் சொத்து இருந்தால்தான் ஓட்டு. அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் பெயரில் பட்டா இருந்திருக்கும்? ஓட்டு வந்தது, போட ஆள் சொற்பம். இதைச் சாதனைப் பட்டியலில் பெரிய எழுத்தில் போடுபவர்கள் அந்தச் சொத்துச் சங்கதியை விட்டுவிடுகிறார்கள்.

அதே வருஷங்களில் ஊர் ஊராகக் கிளைகள். பத்தாண்டுக்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. கிளைகளில் நடந்தது எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்ததேதான்: எழுத்தறிவு வகுப்பு, தையல், முதலுதவி, யாராவது வந்து ஒரு பேச்சு. 1918-லிருந்து ‘ஸ்த்ரீ தர்மம்’ என்று ஒரு பத்திரிகை. பெரும்பாலும் இங்கிலீஷ், நடுநடுவே தமிழ், தெலுங்கு, இந்தி. பத்திரிகை பதினெட்டு வருஷம் போல ஓடியது. சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று.

இங்கே ஒரு மனத்தடையையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் யார்? வக்கீல் வீட்டுப் பெண்கள், திவான் குடும்பத்துப் பெண்கள், இங்கிலீஷ்காரிகள். கார் வைத்திருந்தவர்கள். அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்குப் போனவர். சங்கத்தில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்த அம்புஜம்மாளின் தகப்பனார், காங்கிரஸ் தலைவராக இருந்த எஸ். சீனிவாச ஐயங்கார். ஏழைப் பெண்ணுக்காகப் பேசினார்கள். ஏழைப் பெண் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாளா என்பது வேறு கேள்வி. அதே காலத்தில் சுயமரியாதை மாநாடுகளில் பெண்கள் மேடையேறி, தாலி முதல் சாதி வரை எல்லாவற்றையும் நேருக்கு நேர் கேட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அடையாற்றுச் சங்கம் மெத்தை நாற்காலிச் சங்கமாகத்தான் தெரிந்திருக்கும். அம்மாவின் சங்கத்திலும் அப்படித்தான். குப்பத்துக்குப் புடவை போயிற்று. குப்பத்துப் பெண் யாரும் புதன்கிழமை தாழ்வாரத்துக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த மெத்தை நாற்காலிகளுக்கு நடுவில் ஒருவர் மட்டும் வேறு வழியாக வந்தவர். புதுக்கோட்டை முத்துலட்சுமி. 1886-ல் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பிறப்பு அந்தக் காலத்து ஊர் வாய்க்கு எவ்வளவு தீனி போட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன்கள் மட்டும் படித்த கல்லூரியில் இவரைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. ராஜா தலையிட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். 1912-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தார். டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1926-ல் பெண்களும் சட்டசபைக்குள் போகலாம் என்று ஆனபோது, மாதர் சங்கம் இவர் பெயரை முன்னால் தள்ளியது. இவருக்குத் தயக்கம்தான், வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு எப்படிப் போவது? சங்கத்தார் விடவில்லை. நியமன உறுப்பினராகப் போய், 1927-ல் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு சட்டசபையில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள்.

பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தது இங்கேதான். சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தார்கள். அது நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, தேவதாசிகளே சங்கம் கூடி எதிர்த்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் எங்களைக் கேட்காமலே எடுத்துவிடாதீர்கள் என்று வாதாடினார்கள். அவர்கள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. இன்னொரு பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதே மரபிலிருந்து வந்து, அந்த முறையை வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். மூன்று தரப்பும் பெண்கள்தான். 1929-ல் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோவில் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் 1947-ல்தான். அதற்குள் முத்துலட்சுமி சபையை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்து 1930-லேயே ராஜினாமா செய்துவிட்டார்.

சட்டம் போட்டால் ஆயிற்றா? அந்த வாழ்க்கையை விட்டு வரும் பெண் ராத்திரி எங்கே தங்குவாள்? விடுதிகளில் இடமில்லை என்றார்கள். முத்துலட்சுமி தன் பொறுப்பிலேயே அவர்களைத் தங்கவைத்து 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். இன்றைக்கும் அடையாற்றில் இருக்கிறது. தீர்மானம் போட்ட கையோடு பாயும் தலையணையும் தேடியிருக்கிறார். என் கணக்கில் சட்டசபை நாற்காலியைவிட இது பெரிது.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். 1920களில் முத்துலட்சுமியின் தங்கை குடல் புற்றுநோயில் இறந்துபோனார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அக்கா டாக்டர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு மேல்படிப்புக்கு லண்டன் போனபோது, புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். 1935-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினார். கேட்டவர்கள் கை தட்டியிருப்பார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது. 1949-ல் மாதர் சங்கம் ‘புற்றுநோய் நிவாரண நிதி’ என்று ஒரு கணக்கைத் திறந்தது. முத்துலட்சுமிக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. அரசாங்கத்தில் உற்சாகம் இல்லை. எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற தொனியில் பதில் வந்ததாக, பிற்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் முகமாக இருந்த டாக்டர் சாந்தா சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் அரசாங்கத்துக்கு மட்டும் இருந்ததில்லை. எங்கள் ஊரில் குரல் தணிவதும் அதனால்தானே?

பணம் திரட்டினார்கள். ஜனங்களிடம் கேட்டார்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபர் 10 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் ஆஸ்பத்திரி திறந்தது. பன்னிரண்டு படுக்கை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், கால்வாய்க்கரை. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் பல வருஷங்களாக வாதத்தில் படுத்திருந்து, அதற்கு மூன்று மாதம் முன்பு மார்ச்சில்தான் காலமானார்.

மறுவருஷம் சாந்தா சேர்ந்தார். அரசு மகளிர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். முதல் மூன்று வருஷம் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் ஒரு வீடும். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகம்தான் அவர் வீடு. 1960-ல் குழந்தைகளுக்கென்று தனி வார்டு வந்தது. பன்னிரண்டு படுக்கை காலப்போக்கில் நானூறைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி காசு கட்ட முடியாதவர்களுக்கு. மகசேசே விருது, பத்ம விபூஷண் எல்லாம் சாந்தாவுக்கு வந்தன. பேட்டிகளில் அவர் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் பேசினார், தன்னைப் பற்றி இல்லை. கட்டடங்கள் வளர்ந்து, சர்தார் படேல் சாலையிலும் ஒரு வளாகம் வந்து, மத்திய அரசின் மண்டல மையம் என்ற அந்தஸ்தெல்லாம் வந்த பிறகும், அடைப்புக்குறியை மட்டும் யாரும் அழிக்கவில்லை. நன்கொடையாளர் பெயரைச் சலவைக்கல்லில் ஆளுயரத்துக்கு வெட்டும் ஊரில், சங்கத்தின் பங்குக்கு மூன்றெழுத்து.

அத்தைக்கு ஆபரேஷனும் அதற்குப் பிறகு கதிர்வீச்சும் முடிந்து ஊருக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் நான் படித்ததையெல்லாம் அவரிடம் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு கசின்ஸைப் பிடித்தது, கல்லெறிந்ததற்காக. முத்துலட்சுமியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டார். “தங்கச்சியைக் காப்பாத்த முடியலைன்னுதானே இத்தனையும்?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

ஊருக்குப் போன மறுநாள் அம்மா பார்க்க வந்தாள். காப்பி குடித்து முடித்ததும் அத்தை முந்தானையை அவிழ்த்து நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“என்ன இது அண்ணி?”

“சந்தா.”

“சங்கத்தை மூடி முப்பது வருஷம் ஆச்சு.”

“அது ஒன் கணக்கு. நான் ஒரு வருஷம்கூடக் குடுத்ததில்லை. மாசம் ஐம்பது காசு மேனிக்குப் போட்டுப் பாரு, எவ்வளவு பாக்கின்னு.”

அம்மா ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாள். ரசீதுப் புத்தகத்தில் எழுதாத தாள்கள் இன்னும் பதினோரு ஜோடி இருந்தன. ஓரமெல்லாம் பழுப்பேறி, பூச்சி அரித்திருந்தது. கார்பன் தாள் தேய்ந்து வெளுத்துப் போயிருந்ததால் இரண்டு பிரதியையும் கையாலேயே எழுதினாள். தேதி, பெயர், தொகை எண்ணில், தொகை எழுத்தில். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நூறு ரூபா சரி. எந்த வருஷத்து சந்தான்னு போடட்டும்?”